இரண்டாம் மாடி நோயும் நாலாம் மாடி நோயும்

எங்கள் சுகாதாரத் துறை அலுவலகத்தில் நோய்களை மாடிவாரியாகப் பிரித்து வைத்திருந்தார்கள். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தாவும் நோயெல்லாம் நாலாம் மாடி. தாவாத நோயெல்லாம் இரண்டாம் மாடி. நடுவே மூன்றாம் மாடியில் கேண்டீன் இருந்தது. நான் இரண்டாம் மாடிக்காரன். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, மாரடைப்பு, புற்றுநோய் என்று வரும் கோப்புகளில் குறிப்பு எழுதி மேலதிகாரிக்கு அனுப்புவது என் வேலை. நோயாளி ஒருவரையும் நான் அங்கே பார்த்ததில்லை. நான் படித்தது பி.காம்.

இதை டெல்லியில் நான் குடியிருந்த ஆர்.கே.புரத்தில் யாரும் நம்பவில்லை. அரசாங்கக் குவார்ட்டர்ஸில் ஒருவருடைய துறைதான் அவருடைய ஜாதகம். ரயில்வேயில் இருப்பவர் டிக்கெட் வாங்கித் தர வேண்டும், தபாலில் இருப்பவர் தொலைந்த பார்சலைக் கண்டுபிடிக்க வேண்டும், ஹெல்த்தில் இருப்பவர் நாக்கைப் பார்க்க வேண்டும். கறிகாய் வாங்கப் போனால் கொத்தமல்லிக் கட்டுக்கு மேலாக யாராவது கையை நீட்டி, இந்தத் தடிப்பு என்ன என்று கேட்பார்கள். நானும் ஆரம்பத்தில் கூச்சப்பட்டேன். பிறகு, டாக்டர் என்று சொன்னால் சொல்லட்டுமே என்று இரண்டு விரலால் தொட்டுப் பார்த்துத் தலையாட்டப் பழகிவிட்டேன். காய்ச்சல் என்று வந்தவர்களிடம் மட்டும் கறாராக இருந்தேன். அது எங்கள் மாடி இல்லை.

கீழ்வீட்டு மாமி கும்பகோணத்துக்காரர். அவர் கணவர் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெறப் போகிறவர். மாமியின் மருத்துவத்தில் எல்லாம் தலைகீழ். ரத்தக் கொதிப்பு ஒட்டிக்கொள்ளும் என்று அவருக்கு உறுதியான நம்பிக்கை.

"முதல்ல எதிராத்துக்காரருக்கு வந்தது. அப்பறம் அவர் ஆத்துக்காரிக்கு. இப்போ பக்கத்தாத்துலயும் மாத்திரை சாப்பிடறா. ஒட்டிக்காம எப்படிடா வரும்?" என்றார் ஒருநாள்.

நான் என் மாடியின் பெருமையைக் காப்பாற்ற எண்ணிப் படிக்கட்டிலேயே உட்கார்ந்து விளக்கினேன். ஒட்டும் வியாதிக்குப் பெரும்பாலும் ஒரே குற்றவாளிதான். ஒரு கிருமி. அது மூச்சு வழியாக வரும், தொட்டால் வரும், கெட்ட தண்ணீரில் வரும், கொசு மேல் ஏறி வரும். அது இல்லாவிட்டால் அந்த வியாதியும் இல்லை. கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் அப்படி ஒரு ஆளைப் பிடித்துக் காட்ட முடியாது. அங்கே ஒரு கூட்டமே சேர்ந்து வேலை செய்கிறது. உப்பு, எண்ணெய், சிகரெட், நாற்காலியை விட்டு எழுந்திருக்காத உத்தியோகம், தூக்கமின்மை, குளிர்காலத்துப் புகை, அப்பா அம்மா கொடுத்த உடம்பு. யாரும் யாருக்கும் கொடுப்பதில்லை. எதிர்வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் மாமி இட்டுக் கொடுக்கும் ஒரே அப்பளம், ஒரே ஊறுகாய், ஒரே மாதிரி ஆபீஸ். அதனால் ஒன்றாக வந்தது போல் தெரிகிறது.

மாமி பொறுமையாகக் கேட்டார். "அப்போ என் அப்பளத்தைத்தான் சொல்றே" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

இனி நாலாம் மாடிக்குப் போகலாம். அங்கேதான் அவள் இருந்தாள்.

எங்களைச் சேர்த்து வைத்தது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். கேட்பதற்கு நன்றாக இல்லைதான், என்ன செய்வது. அது பற்றிய ஒரு கோப்பு எங்கள் மாடிக்கு வந்தது. புற்றுநோய் என்பதால் அது இரண்டாம் மாடிச் சொத்து. ஆனால் அந்தப் புற்றுநோய்க்குக் காரணம் ஒரு வைரஸ், அது ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போவது, ஆகவே இது நாலாம் மாடிக்கு உரியது என்று எழுதி நான் மேலே அனுப்பினேன். காரணம் வைரஸ்தான், ஆனால் நோய் என்பது புற்று, ஆகவே இது இரண்டாம் மாடிக்கே உரியது என்று எழுதி அங்கிருந்து திருப்பி அனுப்பினார்கள். குறிப்பு ஒழுங்காக, நறுக்கென்று, கொஞ்சம் திமிராக இருந்தது. எழுதியது யார் என்று பார்க்கக் கோப்பை நானே தூக்கிக்கொண்டு மாடி ஏறினேன்.

டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த மதுரைப் பெண். தமிழ் எழுதத் தெரியாது, படிக்கவும் தெரியாது, ஆனால் பேசத் தெரியும், அதிலும் சண்டை போட நன்றாகத் தெரியும். "அச்சா, நீதானா அது. உன் நோட்டைப் படிச்சா நாங்க ஃபுல்லா வேலை இல்லாம உக்காந்திருக்கோம்னு நெனப்பு வருது" என்றாள். நான் திருநெல்வேலிக்காரன், எங்கள் ஊரில் பெண்கள் முதல் பார்வையிலேயே 'நீ' என்று ஆரம்பிப்பதில்லை. எனக்குக் காது சூடாகிவிட்டது. அந்தக் கோப்பை அதற்குப் பிறகு பியூன் தொடவே இல்லை. நான் மேலே கொண்டு போவேன், அவள் கீழே கொண்டு வருவாள். நோயில் எது ஒட்டும் எது ஒட்டாது என்று கோடு போட்டுப் பிரிக்க முடியாது என்பதை நாங்கள் அப்படித்தான் கற்றுக்கொண்டோம். தொண்டையில் வரும் ஒரு சாதாரணக் கிருமி பல வருடம் கழித்து இதயத்தைக் கெடுக்கும் என்று அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மூன்றாம் மாடி கேண்டீனில் டீ ஆறிப் போகும்வரை இதைப் பற்றியே பேசுவோம். வேறு எதைப் பற்றியாவது பேசினால் வெட்கமாக இருக்கும், அதனால்.

கோப்பு ஒரு வழியாக எங்கேயோ போய்ச் சேர்ந்தது. நாங்கள் டீயை நிறுத்தவில்லை.

சிக்கல் கிட்வாய் நகரில் இருந்தது. அவள் வீடு அங்கே. அவள் அப்பா தணிக்கைத் துறையில் வேலை பார்ப்பவர். ரசீது இல்லாத எதையும் நம்பாதவர் என்று அவள் சொல்லியிருந்தாள். ஆபீஸில் பழகிக் கல்யாணம் செய்துகொள்வது அவருக்குப் பிடிக்காது. டெல்லியின் மறுகோடியில், துவாரகாவில் ஒரு மாப்பிள்ளையைப் பார்த்து வைத்திருந்தார். விமான நிலையத்தில் வேலை, சொந்த ஃபிளாட். அவர்கள் பெண் பார்க்க வருவதற்கு ஹோலி கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை குறித்தாகிவிட்டது. வந்து பார்த்துச் சரி என்றால் அன்றே தட்டு மாற்றிக்கொள்வதாகப் பேச்சு.

"அதுக்குள்ள நான் பாபாகிட்ட சொல்லிடுவேன்" என்று அவள் தினமும் சொன்னாள். தினமும் சொல்லாமல் வந்தாள். "நான் வந்து பேசட்டுமா" என்று நானும் தினமும் கேட்டேன். அவள் வேண்டாம் என்றதும் எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. இரண்டு பேரும் கோழைகள். ஆனால் சந்தோஷமான கோழைகள். டெல்லியில் மார்ச் மாதம் வேறு. இலவ மரங்கள் சிவப்பாகப் பூத்து, குளிரும் இல்லாமல் வெயிலும் இல்லாமல், தண்ணீர் குடித்தால்கூட இனிப்பாக இருந்தது.

ஹோலியன்று மாடி வீட்டுப் பஞ்சாபிக் குடும்பத்தார் என்னை வாளித் தண்ணீரில் முக்கி எடுத்தார்கள். பச்சை, ஊதா, வெள்ளி என்று என்னென்னவோ பூசினார்கள். மறுநாள் காலை கண்ணாடியில் பார்த்தால் மார்பிலும் கழுத்திலும் சிவப்புச் சிவப்பாகப் புள்ளிகள். உடம்பும் லேசாகச் சுட்டது. எனக்குச் சந்தேகமே வரவில்லை. மட்டமான சாயம், அதனால் அலர்ஜி. நனைந்ததால் காய்ச்சல். ஊரில் பாதிப் பேர் அன்று சொறிந்துகொண்டுதான் இருந்தார்கள். அலர்ஜி என்றால் யாருக்கும் ஒட்டாது. சுத்தமான இரண்டாம் மாடி. நான் குளித்துச் சட்டையின் மேல் பொத்தானையும் போட்டுக்கொண்டு ஆபீஸுக்குப் போனேன்.

கேண்டீனில் அவள் என் கழுத்தைப் பார்த்தாள்.

"இது என்ன?"

"கலர் அலர்ஜி. எங்க மாடி சமாச்சாரம்."

"அரே, உள்ள தண்ணி மாதிரி இருக்கே. காய்ச்சல் இருக்கா?"

"நனைஞ்சதுல கொஞ்சம்."

"பாகல், பைத்தியமே, இது எங்க மாடி மாதிரி இருக்கு. நீ வீட்டுக்குப் போ."

நான் சிரித்தேன். சருமத்தில் ஒரு ரசாயனம் பட்டால் உடம்பு எப்படிக் கோபித்துக்கொள்ளும் என்று ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். நாலாம் மாடிக்காரர்களுக்கு எதைப் பார்த்தாலும் கிருமியாகவே தெரியும் என்று கேலி செய்தேன். அன்று மாலை சரோஜினி நகரில் குல்ஃபி ஃபலூடா சாப்பிடுவதாக ஏற்பாடு. அதை விட்டுவிட்டு யார் வீட்டுக்குப் போவார்கள். அவள் கடைசிவரை முறைத்துக்கொண்டே வந்தாள். கடையில் கூட்டம், ஒரு கோப்பைதான் கிடைத்தது, ஒரு ஸ்பூன்தான் கொடுத்தார்கள். பெஞ்சில் ஒட்டி உட்கார்ந்து இரண்டு பேரும் அதையே மாற்றி மாற்றிச் சாப்பிட்டோம். சேமியா அவள் மோவாயில் ஒட்டிக்கொண்டதைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்த்தார். அவ்வளவு ஆனந்தமாக நான் அதற்கு முன் எதையும் சாப்பிட்டதில்லை.

வீட்டுக்கு வந்தபோது மாமி படிக்கட்டில் மறித்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"ஏண்டாப்பா, மூஞ்சியெல்லாம் என்னடா இது? அம்மைடா. வெயில் ஆரம்பிக்கறதுக்குள்ள உனக்கு உடம்புல சூடு ஏறிடுத்து."

"மாமி, ஹோலி கலர்."

"ஹெல்த்ல இருக்கேன்னு பேரு. உள்ள போய்ப் படு. வெளில காலை வைக்கப்படாது."

அடுத்த அரைமணியில் என் கதவில் வேப்பிலைக் கொத்து தொங்கியது. ஆர்.கே.புரத்தில் வேப்ப மரத்துக்கா பஞ்சம். தோரணம் போல் வரிசையாகவே கட்டியிருந்தார் மாமி. அம்மை கண்ட வீடு, உள்ளே வராதே என்று தமிழ்நாட்டில் சின்னக் குழந்தைக்கும் புரியும். பஞ்சாபிக்காரருக்கு என்ன புரியும். இலை கட்டியிருக்கிறது, ஆகவே விசேஷம். "மதராஸி பையா, சகாயி ஹோ கயி க்யா?" என்று, நிச்சயதார்த்தம் முடிந்துவிட்டதாகவே முடிவு கட்டி, ஹோலிக்குச் செய்து மிச்சமிருந்த குஜியாப் பலகாரத்தை ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு வந்து என்னைக் கட்டிக்கொண்டார். நல்லவேளை, அவருக்குச் சிறு வயதிலேயே வந்து போயிருந்தது.

மறுநாள் டிஸ்பென்சரி டாக்டர் மூன்று அடி தூரத்திலிருந்தே சொல்லிவிட்டார். சின்னம்மை. அது சூட்டினாலும் வரவில்லை, சாயத்தினாலும் வரவில்லை. ஒரு வைரஸ், மூச்சிலும் கொப்புளத்து நீரிலும் பரவுவது, உடம்புக்குள் வந்து இரண்டு மூன்று வாரம் சத்தமில்லாமல் இருந்துவிட்டு வெளியே வருவது. யோசித்துப் பார்த்தால் பதினைந்து நாள் முன்பு நண்பர் வீட்டுக் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சியிருந்தேன். அதற்கு மறுநாளே உடம்பெல்லாம் கொப்புளம் என்று நண்பர் சொல்லியும் இருந்தார். நான் அதை என் மாடி இல்லை என்று விட்டுவிட்டேன். டாக்டர் மாத்திரை கொடுத்தார். கொப்புளமெல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை யார் பக்கத்திலும் போகாதே என்றார்.

அம்மாவுக்கு வீடியோவில் முகத்தைக் காட்டினேன். "எய்யா, அம்மா வந்து எறங்கியிருக்காய்யா. தாளிச்சது திங்காதே, எளநி குடி" என்று அழுதார். டெல்லியில் இளநீர் விற்கும் விலையை நான் சொல்லவில்லை.

நான் வேப்பிலைமேல் படுத்திருந்தேன். மாமி வாசலில் தாளிக்காத சாதத்தை வைத்துவிட்டுப் போவார். தொலைபேசியில் அவள் முதல் நாள் முழுக்கச் சிரித்தாள். "எந்த மாடி? சொல்லு, எந்த மாடி?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தாள். நாலாம் மாடி என்று என்னை மூன்று தடவை சொல்ல வைத்தாள். பிறகு குரல் இறங்கியது. துவாரகாக்காரர்கள் வருவது உறுதியாகிவிட்டது. அவள் அம்மா புதுப் புடவை எடுத்துவிட்டார். அப்பா வாடகைக்கு நாற்காலிகூடச் சொல்லிவிட்டார்.

"சொல்லிட்டியா?"

"நாளைக்குப் பக்கா."

எழுந்து போய்ப் பேசவும் முடியாமல், படுக்கவும் முடியாமல், சொறியவும் கூடாமல் கிடந்தேன். அவளை இழந்துவிடுவேன் என்று அப்போதுதான் முதல் தடவையாக எனக்குப் பயம் வந்தது. அதுவரை எல்லாம் டீயும் சிரிப்புமாக இருந்தது. காய்ச்சலில் ஃபலூடா ஞாபகம் வரும்போது வேறு ஒரு கணக்கும் கூடவே வரும். அந்த ஒரு ஸ்பூன். அந்தப் பெஞ்ச். அவளுக்குச் சின்ன வயதில் அம்மை வந்ததில்லை என்று சொல்லியிருக்கிறாள். ஐயோ வரக்கூடாதே என்று நினைப்பேன். அடுத்த நிமிடமே துவாரகா ஞாபகம் வரும். பிறகு நான் என்ன நினைத்தேன் என்று எழுதினால் நீங்கள் என்னை மனிதனாகவே மதிக்க மாட்டீர்கள்.

பெண் பார்க்கும் நாளுக்கு முந்தின சனிக்கிழமை அவளுக்குக் காய்ச்சல். மாலைக்குள் முகத்தில் முதல் கொப்புளம். கிட்வாய் நகர் வீட்டின் கதவில் வேப்பிலை ஏறியது. அம்மை கண்ட வீட்டுக்குப் பெண் பார்க்க யார் வருவார்கள். துவாரகாக்காரர்களும் அசல் தமிழர்கள், போனிலேயே கன்னத்தில் போட்டுக்கொண்டு, சித்திரை கழியட்டும் என்று வைத்துவிட்டார்கள். நாற்காலிகள் திரும்பிப் போயின.

அத்தோடு போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் அப்பா தணிக்கைக்காரர் அல்லவா.

"எங்கேருந்து வந்துச்சு?" என்று ஆரம்பித்திருக்கிறார்.

"வெயிலுங்க. ஆத்தா வெளையாட்டு" என்று அவள் அம்மா சொல்லியிருக்கிறார்.

"வெயில்ல வந்தா எனக்கும்தான வரணும். நான்தான பஸ்ல போறேன்."

இந்த இடத்தில் அவள் பேசாமல் இருந்திருக்க வேண்டும். நூற்றிரண்டு டிகிரி காய்ச்சலிலும் அவளுக்குத் தன் மாடிப் பெருமை பொங்கியிருக்கிறது. எழுந்து உட்கார்ந்து, அப்பாவுக்கு முழுப் பாடமும் எடுத்திருக்கிறாள். சூட்டில் வராது பாபா, கிருமி, யாராவது ஒருவரிடமிருந்துதான் வர முடியும், அவர் பக்கத்தில் கொஞ்ச நேரமாவது இருந்திருக்க வேண்டும், இரண்டு வாரம் முன்னால் யார் என்று பார்த்தால் தெரிந்துவிடும். எனக்கு இதைப் போனில் சொன்னபோது அவளே தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

அப்பா கேட்டிருக்கிறார். "ரெண்டு வாரம் முன்னாடி ஒங்க ஆபீஸ்ல யாருக்கு இருந்துச்சு?"

"செகண்ட் ஃப்ளோர்ல ஒருத்தருக்கு."

"நீ நாலாவது மாடியில இருக்க. அவரு ரெண்டாவது மாடி. பக்கத்துல எப்பிடி வந்தாரு?"

அவள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டுவிட்டாளாம்.

அதன்பின் அப்பா என் முகவரியை மட்டும் கேட்டு எழுதிக்கொண்டார் என்றாள். அதுதான் அவளைப் பயமுறுத்தியது. மாமியின் மேற்பார்வையில் மூன்றாம் தண்ணீரும் ஊற்றி, மஞ்சள் நாற்றத்தோடு, முகமெல்லாம் பொருக்கு உதிர்ந்த தழும்போடு நான் உட்கார்ந்திருந்த ஒரு காலை நேரம் கதவு தட்டப்பட்டது. திறந்தேன். அரைக்கைச் சட்டை, சட்டைப் பையில் இரண்டு பேனா, கையில் துணிப்பை. சொல்லாமலேயே யார் என்று தெரிந்தது.

"உள்ள வரலாங்களா தம்பி?"

"சார், அம்மை வந்த வீடு..."

"எனக்குச் சின்னதுலயே போட்ருச்சு. அம்மை வீட்ல இருந்து இன்னொரு வீட்டுக்குப் போகக் கூடாதுன்னு வீட்டுக்காரி சொன்னா. அது வந்துட்டுப் போன வீட்டுக்குத்தான போறேன்னு கெளம்பிட்டேன்."

இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்தார். நான் நின்றேன். அவர் என் தழும்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கணக்குப் புத்தகத்தில் தப்பு தேடுகிறவரின் பார்வை. அவரிடம் சொல்ல நான் பல வாரமாகத் தயாரித்து வைத்திருந்த வாக்கியங்கள் எல்லாம் எங்கோ ஓடிவிட்டன.

"சார், நான்தான்..." என்றேன்.

"தெரியும். அவ கிளாஸ் எடுத்துட்டா." துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டார். "ஒட்டுற வியாதி வந்துச்சு, போயிருச்சு. அது இருக்கட்டும். ஒங்க அப்பாவுக்கு சுகர் இருக்கா?"

எனக்குப் புரியவில்லை. "இருக்கு சார்."

"எத்தன வயசுல வந்துச்சு?"

"நாப்பத்தஞ்சு இருக்கும்."

"அம்மாவுக்கு?"

"பிரஷர்."

"ஹார்ட்டு? அப்பாகூடப் பொறந்தவங்க யாருக்காச்சும்?"

"பெரியப்பாவுக்கு, சார்."

சொல்லச் சொல்ல என் குரல் தேய்ந்தது. மொத்த இரண்டாம் மாடியும் எங்கள் குடும்பத்தில் குடியிருக்கிறது என்று அன்றுதான் உறைத்தது. அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். இவ்வளவு தூரம் வந்து, இதையெல்லாம் ஏன் கேட்கிறார் என்று குழம்பியபடி நின்றேன். ஊரில் என் அக்காவைக் கட்டிக்கொடுப்பதற்கு முன் மாப்பிள்ளை வீட்டைப் பற்றி எங்கள் அப்பா இதே கேள்விகளைத்தான், இதே வரிசையில், ஒவ்வொரு சொந்தக்காரரிடமும் கேட்டுக்கொண்டு திரிந்தார். அது நினைவுக்கு வந்த நொடியில் அவர் எதற்கு வந்திருக்கிறார் என்று புரிந்தது. கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தேன், அழுகையும் சேர்ந்துகொண்டது.

அவர் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"எங்க பக்கமும் அதேதான். ரெண்டு வீட்லயும் சுகர். பொறக்கப்போற புள்ளைங்களுக்கு இப்பவே ஓடி ஆடச் சொல்லிக் குடுக்கணும்" என்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்தார். "ஒங்க அப்பா நம்பரச் சொல்லுங்க."

எனக்கு நம்பர் மறந்துவிட்டது.